பேட்டரியைக் காரிலேயே வை

"பேட்டரியைக் காரிலேயே வை."
கார்மெலா டிநார்டோ என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.
பெயர்கூடக் கேட்கவில்லை.
நியூகாசிலுக்கு வெளியே, அறுத்த மக்காச்சோளத் தாள்கள்
பனிக்கு மேலே துருத்திய வயலில்
கோபித்துக்கொண்ட சம்பந்திகளைப் போலத்
தள்ளித் தள்ளி நிற்கின்றன பதினொரு கொட்டகைகள்.
ஒன்று போனால் பத்து மிஞ்ச வேண்டும். அதுதான் கணக்கு.

போன், கைக்கடிகாரம், பாலியஸ்டர் ஜாக்கெட்,
எல்லாம் காருக்குள் போயின.
வாசலில் பதித்த செம்புத் தகட்டில் உள்ளங்கை வைத்து
உடம்பிலிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு
உள்ளே போனேன்,
கால் கழுவிக் கோயிலுக்குள் போவதுபோல
என்று எழுதத் தோன்றுகிறது. இல்லை.
கோயிலில் நான் இவ்வளவு பயந்ததில்லை.

மின்சாரமே தொடாத பழைய கேமரா,
பிட்ஸ்பர்க் அடகுக்கடையில் தொண்ணூறு டாலர்.
கூடவே தேதி முடிந்த ஆறு ரோல், கறுப்பு வெள்ளை.
"வாணத்தைப் பிடிக்கக் கறுப்பு வெள்ளையா?"
மூன்று தட்டுகளை என்முன் இழுத்தாள்.
"சிவப்பைக் காட்டு. பச்சையைக் காட்டு. நீலத்தைக் காட்டு."
மூன்றிலும் கருமருந்து பூசிய உருண்டைகள்.
மூன்றிலும் மிளகு.
"பற்றுகிறவரைக்கும் எல்லாம் உன் ரோல்தான்" என்றாள்.

பிப்ரவரி முழுக்கப் போனேன்.
அவள் வெடி செய்து நான் பார்க்கவில்லை,
பொட்டலம் கட்டினாள்.
பழுப்புக் காகிதம், கோதுமைப் பசை, முறுக்கு நூல்.
மேலிருந்து கீழ், கொஞ்சம் திருப்பு, மறுபடி மேலிருந்து கீழ்.
மளிகைக்கடையில் பருப்பு மடிக்கிற அதே கை.
நூலைச் சொடுக்கி அறுக்கிற அந்த ஜோர் மட்டும் இல்லை.
இங்கே எதையும் சொடுக்கக் கூடாது.
மதியம் சாண்ட்விச்சைக் கடித்தபடி
இன்ஷூரன்ஸ்காரனோடு போனில் சண்டை,
மேஜைக்கடியில் முழங்காலுக்கு ஐஸ் பை.
அதையும் எடுத்தேன். "இது எதுக்கு?" என்றாள்.

நீலம்தான் படுத்துமாம்.
செம்பு சூடு தாங்காது, கொஞ்சம் கூடினாலும் வெளுத்துவிடும்.
"நல்ல நீலம் வந்தால் யாராவது சொல்வார்கள்."
"நீங்கள் பார்க்க மாட்டீர்களா?"
பசையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ஜூலை நான்கு, ஷெனாங்கோ ஆற்றங்கரை.
முதல் குண்டு கிளம்பியதும்
ஊர் முழுக்க அண்ணாந்தது.
கார்மெலா குனிந்தாள்.
எந்தக் குழாய் போயிற்று, எது போகவில்லை என்று
தரையைப் பார்த்து விரல் மடக்கினாள்.
வானம் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தது.
என் கண்ணும் அவளை விட்டு நகரவில்லை.
முடிந்ததும் காதடைப்பைக் கழற்றிக் கேட்டாள்:
"நீலம் வந்ததா?"

கரையில் நாலாயிரம் பேர் இருந்திருப்பார்கள்.
பார்க்காதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

நாற்காலி மடிக்கும் கூட்டத்தில் ஒரு பையனை நிறுத்தினேன்.
"ம். வந்ததே. என் சைக்கிள் கலர்."
சைக்கிளைப் பார்க்கப் போனோம், நிஜமாகவே, அவளும் நானும்.
சோடியம் விளக்கடியில்
அது பழுப்பாக நின்றது.
அவள் சிரிக்கவில்லை. வாளித் தண்ணீரும் டார்ச்சுமாக
வெடிக்காததைத் தேடிப் புல்லுக்குள் இறங்கினாள்.

அக்டோபரில் பிரதிகள் அனுப்பினேன்.
ஒன்று மட்டும் திரும்பி வந்தது, பின்பக்கம் பென்சிலில்:
"விரல்களை எண்ணு. ஏழு மடங்கியிருக்கின்றன.
ஏழாவது குழாயில்தான் நீலம் வைத்தேன்.
என் கைமேல் விழுந்திருப்பது அதுதான். எப்படி இருக்கிறது?"

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன்.
முட்டிகளின்மேல் ஒரு சாம்பல்,
முன்பின் படங்களைவிடப் பால் ஒரு சொட்டு கூடிய சாம்பல்.
சூடு மிஞ்சி நீலம் வெளுத்ததா,
என் ஷட்டர் அரை நொடி சோம்பியதா?
பதில் எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது.
அந்தப் பையனின் பெயரையாவது கேட்டு வைத்திருக்கலாம்.